அம்மாவ கூட்டிட்டு பாரிஸ் போறீங்களா? சொந்தக்காரங்க வீட்ல தங்குறவங்களுக்கு விசால இருந்து திரும்பி வர்ற வரைக்கும்

2025 ஆகஸ்ட்ல அம்மாவ பாரிஸ் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். அம்மாவுக்கு 68 வயசு. அவங்க தங்கச்சி, அதாவது எங்க சித்தி, காரைக்கால்ல கல்யாணம் பண்ணிக் குடுத்து ஃபிரான்ஸ் போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பாரிஸுக்கு வடக்குப் பக்கம் ஒரு புறநகர்ல இருக்காங்க. "ஹோட்டல் எதுக்கு, என் வீட்ல தங்குங்க"ன்னு சித்தி சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி எவ்வளவு பேப்பர் வேலை இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, சித்திக்கும் தெரியாது. ஒரு பேப்பர்ல பேர் தப்பா எழுதினதால கிட்டத்தட்ட ஒரு மாசம் போச்சு, கொஞ்சம் விட்டிருந்தா டிக்கெட் காசும் போயிருக்கும். நீங்க அப்படி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். ஹோட்டல்ல தங்குறவங்க 2ம் நம்பர மட்டும் விட்டுட்டு மத்தத படிங்க.

1. முதல்ல காலண்டர எடுங்க

போற தேதிக்கு 6 மாசத்துக்கு முன்னாடி இருந்து விசா அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாளைக்குள்ள பண்ண முடியாது. சாதாரணமா முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்குவாங்க, கூடுதலா விசாரிக்கணும்னு தோணிட்டா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. அதோட கோடை லீவுக்குப் போறவங்க எல்லாரும் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள வந்து நிப்பாங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே கஷ்டம். சொந்தக்காரங்க வீட்ல தங்குறதா இருந்தா நாலரை, அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிச்சிருங்க. நாங்க ஆகஸ்ட் பயணத்துக்கு ஏப்ரல்ல ஆரம்பிச்சோம், கையில விசா வந்தது ஜூலை கடைசில. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் அம்மா சரியா தூங்கவே இல்ல.

பாஸ்போர்ட்ட இப்பவே எடுத்துப் பாருங்க. ஷெங்கன் ஏரியாவ (ஃபிரான்ஸ் மாதிரி ஒரே விசால போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுங்க) விட்டு வெளிய வர்ற நாளுக்கு அப்புறம் குறைஞ்சது 3 மாசம் செல்லுபடியாகணும், குடுத்து 10 வருஷத்துக்குள்ள இருக்கணும், ரெண்டு பக்கமாவது காலியா இருக்கணும். ரினியூ பண்ண வேண்டி இருந்தா அத முடிச்சிட்டுதான் மத்த எதையும் தொடணும், ஏன்னா கீழ சொல்ற பேப்பர் எல்லாத்துலயும் பாஸ்போர்ட் நம்பர் ஏறும்.

2. அங்க இருக்கறவங்க எடுக்க வேண்டிய பேப்பர்

இதுதான் பெரிய வேலை. "அத்தஸ்தாசியோன் தக்கெய்"ன்னு சொல்லுவாங்க, இந்த ஆள என் வீட்ல தங்க வச்சுக்கிறேன்னு அங்க இருக்கறவங்க அவங்க ஊர் மெரில (நம்ம ஊர் முனிசிபல் ஆபீஸ் மாதிரி) போய் எழுதி வாங்குற சான்று. சும்மா வெள்ளைத்தாள்ல ஒரு இன்விடேஷன் லெட்டர் எழுதி மெயில்ல அனுப்பினா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அது இதுக்கு பதிலாகாது.

சித்தி மாதிரி அழைக்கிறவங்க கொண்டு போக வேண்டியது: அவங்க ஐடி இல்லன்னா ரெசிடன்ஸ் கார்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது சொந்த வீட்டுப் பத்திரம், சமீபத்திய கரண்ட் பில், சம்பள சிலிப், வரி நோட்டீஸ். வீடு வர்றவங்களுக்குப் போதுமான அளவா இருக்கான்னும் பார்ப்பாங்க. முத்திரைக் கட்டணம் ஒண்ணு உண்டு, 2025ல 30 யூரோ, அப்ளிகேஷன நிராகரிச்சாலும் அந்தக் காசு திரும்பி வராது. எவ்வளவு நாள் ஆகும்ங்கறது ஊருக்கு ஊர் மாறுது, சில இடத்துல சீக்கிரம் குடுத்துருவாங்க, சில இடத்துல அப்பாயின்ட்மென்ட்டுக்கே வாரக்கணக்குல காத்திருக்கணும்.

இப்ப நாங்க மாட்டுன இடம். சித்தி அம்மா பேர வழக்கமா நாம எழுதுற மாதிரி இனிஷியல் போட்டு எழுதிட்டாங்க. அம்மா பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சு அப்பா பேரு முழுசா குடும்பப் பேர் இடத்துல இருக்கு. அந்த ஊர்ல குடும்பப் பேர், சொந்தப் பேர்னு ரெண்டு தனித்தனி கட்டம், நமக்கோ அப்படி ஒரு வழக்கமே இல்ல, அதனால நம்ம ஆளுங்க பேர் எழுதும்போது இந்தக் குழப்பம் வந்துக்கிட்டேதான் இருக்கும். பேப்பர் கைக்கு வந்தப்புறம்தான் கவனிச்சோம். திரும்ப அப்பாயின்ட்மென்ட், திரும்ப 30 யூரோ, மூணு வாரம் போச்சு. அதனால பாஸ்போர்ட் முதல் பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பி, "இதுல எந்த வரில என்ன இருக்கோ அத எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்க சித்தி"ன்னு ஃபோன்ல உக்காந்து சொல்லுங்க. குடும்பப் பேர் இடம் காலியா இருக்கற பாஸ்போர்ட்டா இருந்தா அங்க என்ன எழுதணும்னு மெரிலயே கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரிஜினல் பேப்பர் இந்தியாவுக்கு வரணும், ஸ்கேன் காப்பி பத்தாது, சாதாரண தபால்ல போடாம டிராக்கிங் இருக்கற கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க. ரெண்டாவது, அதுல எழுதுற தேதி. சித்தி சரியா நாங்க கேட்ட தேதிய எழுதுனாங்க, ஆனா அப்புறம் ஒரு நாள் முன்னாடி இருந்த ஃப்ளைட் சீப்பா இருந்தது, அத எடுக்க முடியாம போச்சு. முன்னாடி பின்னாடி ரெண்டு மூணு நாள் சேர்த்தே எழுதச் சொல்லுங்க.

3. நம்ம பக்கம் சேர்க்க வேண்டிய ஃபைல்

ஃபிரான்ஸோட விசா சைட்ல அக்கவுன்ட் திறந்து ஃபாரம் அங்கதான் நிரப்பணும், பிரிண்ட் எடுத்து கையெழுத்துப் போட்டு சென்னை வி.எஃப்.எஸ் சென்டருக்கு (விசா அப்ளிகேஷன வாங்கிக்கற கம்பெனி) நேர்ல போகணும், கைரேகை குடுக்கணும். அஞ்சு வருஷத்துக்குள்ள ஏற்கனவே ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை குடுத்திருந்தா ஃபாரத்துல அத எழுதிருங்க. ஃபோட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது. தெருமுனை ஸ்டுடியோல "ஷெங்கன் விசா சைஸ்"னு சொன்னாலே எடுத்துக் குடுத்துருவாங்க.

ஃபைல்ல நாங்க வச்சது: பாஸ்போர்ட் (பழசும் சேர்த்து), ஃப்ளைட் ரிசர்வேஷன், அத்தஸ்தாசியோன் ஒரிஜினல், இன்ஷூரன்ஸ், என்னோட மூணு மாச சம்பள சிலிப், பேங்க் ஸ்டேட்மென்ட் (பேங்க் சீல் போட்டது), வருமான வரி ரிட்டர்ன், ஆபீஸ்ல லீவ் சாங்ஷன் ஆன லெட்டர், எதுக்குப் போறோம் எப்ப திரும்புறோம்னு ஒரு பக்க கவர் லெட்டர். அம்மாவுக்கு வருமானம் இல்லாததால செலவ நான் ஏத்துக்கறேன்னு ஒரு லெட்டர், அதோட நான் அவங்க பிள்ளைதான்னு காட்ட என் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அம்மா பேரு இருந்தத ஜெராக்ஸ் எடுத்து வச்சேன். அம்மா பேர்ல இருக்கற வீட்டுப் பத்திரம் காப்பியும் வச்சோம், திரும்பி வந்துருவாங்கன்னு காட்ட அது ஒரு ஆதாரம்.

பேங்க்ல எவ்வளவு இருக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க. ஃபிரான்ஸுக்கு கணக்கு இருக்கு: ஹோட்டல் புக்கிங் காட்டுனா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, தங்க இடமே காட்டலன்னா 120, அத்தஸ்தாசியோன் இருந்தா 32.50. 18 நாளுக்கு எங்க ரெண்டு பேருக்கும் 1,170 யூரோ வந்தது. அதுக்கு மேல தாராளமா இருக்கணும், ஆனா அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் யார்கிட்டயாவது வாங்கி மூணு லட்சத்த மொத்தமா போட்டுடாதீங்க, எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத பெரிய தொகைதான் முதல்ல கண்ணுல படும்.

இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் பண்ணணும், ஷெங்கன் நாடுகள் எல்லாத்துக்கும் செல்லணும், பயணத் தேதி முழுக்க இருக்கணும். வயசானவங்களுக்கு எடுக்கும்போது ஏற்கனவே இருக்கற சுகர், பிரஷர மறைக்காம எழுதுங்க, பிரீமியம் கொஞ்சம் கூடும், பரவால்ல.

விசா ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6ல இருந்து 12 வயசு வரை 45, அதுக்குக் கீழ இலவசம். ரூபாய்லதான் வாங்குவாங்க, சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனா எதுவும் திரும்ப வராது. சென்டர்ல பிரீமியம் லவுஞ்ச், எஸ்.எம்.எஸ்., கூரியர்னு வரிசையா கேப்பாங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், அதனால விசா முடிவுல எந்த மாற்றமும் இல்ல. வெளியூர்க்காரங்க கூரியர் மட்டும் எடுத்துக்கலாம். ஸ்லாட் வாங்கித் தர்றேன்னு வாட்ஸ்அப்ல ஆயிரக்கணக்குல கேக்கற ஆளுங்ககிட்ட பாஸ்போர்ட் காப்பி குடுத்துடாதீங்க.

எல்லா பேப்பர்லயும் தேதி ஒத்துப்போகணும். ஃப்ளைட், இன்ஷூரன்ஸ், லீவ் லெட்டர், ஃபாரம், அத்தஸ்தாசியோன், அஞ்சையும் தரையில விரிச்சு வச்சு பேனாவால தேதிய வட்டம் போட்டுப் பாருங்க. விசா கைக்கு வர்ற வரைக்கும் கேன்சல் பண்ண முடியாத டிக்கெட் எடுக்காதீங்க.

4. பெட்டில என்ன வைக்கலாம், என்ன கூடாது

சித்திக்குன்னு அம்மா முதல்ல எடுத்து வச்சது ரெண்டு கிலோ நெய், பால்கோவா, நெய் மைசூர்பாகு. பால், இறைச்சி சம்பந்தப்பட்டது எதையும் வெளிநாட்டுல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள கையில கொண்டு போகக் கூடாது, பிடிச்சா குப்பைல போடுவாங்க, அபராதமும் வரலாம். கருவாடு கேக்காதீங்க, அது மீன், அதுக்கு விதி வேற, ஆனா நாங்க அந்த வம்புக்கே போகல. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எதுக்குமே சான்றிதழ் இல்லாம அனுமதி இல்ல. அந்த சான்றிதழ் தேவைப்படாததுன்னு ஒரு சின்ன லிஸ்ட் இருக்கு, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், அன்னாசி, டுரியான், அவ்வளவுதான். எண்ணெய்ல சுட்ட முறுக்கு, சாம்பார் பொடி, புளி, அப்பளம் கொண்டு போனோம், ஒரு பிரச்சினையும் வரல.

மாத்திரை எல்லாம் பட்டையோட அப்படியே வச்சு, டாக்டர்கிட்ட மருந்தோட ரசாயனப் பேர எழுதி வாங்கிக்குங்க, பிராண்ட் பேர் அங்க யாருக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பின் மொபைல் சார்ஜர் அங்க நேரா போகும், மூணு பின்னுக்குத்தான் அடாப்டர் வேணும்.

அத்தஸ்தாசியோன், இன்ஷூரன்ஸ், ரிட்டர்ன் டிக்கெட் மூணையும் கைப்பைல வைங்க, செக்கின் பெட்டில போட்டுடாதீங்க. இமிகிரேஷன்ல கேப்பாங்க. இன்னொண்ணு, பிராங்க்ஃபர்ட் மாதிரி வேற ஷெங்கன் ஊர்ல ஃப்ளைட் மாறுனா இமிகிரேஷன் அங்கயே நடந்துரும், பாரிஸ்ல இல்ல. 2025 அக்டோபர் 12ல இருந்து முத்திரைக்கு பதிலா கைரேகை, முகப்படம் எடுத்துப் பதியற முறை ஆரம்பிச்சிருக்காங்க, முதல் தடவை போறவங்களுக்கு கூட நேரம் ஆகும், அதனால கனெக்ஷனுக்கு ஒண்ணரை மணி நேரம்னு டிக்கெட் போடாதீங்க. அதுக்குத் தனியா ஃபீஸ் கிடையாது, யாராவது கேட்டா ஏமாத்துறாங்க. நடக்க சிரமப்படுறவங்களுக்கு வீல்சேர் புக் பண்ணும்போதே கேட்டுருங்க, குறைஞ்சது 48 மணி நேரத்துக்கு முன்னாடி. அதுக்குக் காசு இல்ல. அம்மா முதல்ல கூச்சப்பட்டாங்க, பாரிஸோட ஷார்ல் த கோல் ஏர்போர்ட் எவ்வளவு பெருசுன்னு பார்த்தப்புறம் ஒண்ணும் சொல்லல.

5. ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்கு

டெர்மினல் உள்ளயே "டாக்சி, டாக்சி"ன்னு கிட்ட வந்து கூப்பிடுறவங்க கூட போகாதீங்க. வெளிய போர்டு போட்ட டாக்சி வரிசை இருக்கு. அங்க பாரிஸ் நகரத்துக்குள்ள ஃபிக்ஸட் ரேட், நாங்க போனப்ப ஸேன் நதிக்கு வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. இது ஒரு வண்டிக்கு, ஆளுக்கு இல்ல. ஆனா சித்தி வீடு மாதிரி புறநகர்னா இந்த ரேட் செல்லாது, மீட்டர்தான்.

ரயில்னா ஆர்.இ.ஆர் பி லைன் (புறநகர் ரயில்), பாரிஸ் நகரத்துக்குள்ள இருக்கற கார் து நோர் ஸ்டேஷனுக்கு கிட்டத்தட்ட 35, 40 நிமிஷம். 2025ல ஏர்போர்ட் டிக்கெட் 13 யூரோ. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க: நகரத்துக்குள்ள ஓடுற சாதாரண மெட்ரோ டிக்கெட் 2025ல 2.50 யூரோ, அத வச்சுக்கிட்டு ஏர்போர்ட் வரைக்கும் போக முடியாது, அபராதம் போடுவாங்க. டூரிஸ்ட்னு சொன்னா விட மாட்டாங்க. ரேட் எல்லாம் ஒவ்வொரு ஜனவரிலயும் கொஞ்சம் ஏறும், போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்துக்குங்க.

6. கார்டு எது வாங்கலாம்

ரெண்டு மூணு நாள்னா நவிகோ ஈஸின்னு ஒரு கார்டு, 2 யூரோ, அதுல டிக்கெட் ஏத்திக்கலாம். ஒரே கார்ட வச்சு ரெண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒண்ணு வேணும்.

ஒரு வாரம் இருக்கறவங்களுக்கு வாரப் பாஸ் நல்லது, நாங்க போனப்ப 31.60 யூரோ, ஏர்போர்ட்டுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் போற ரயில் அதுக்குள்ளயே அடக்கம். கவனிங்க, அது திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும், நீங்க வாங்குன நாள்ல இருந்து ஏழு நாள் இல்ல. வெள்ளிக்கிழமை இறங்குனவங்க அந்த வாரத்துக்கு வாங்குனா காசு வேஸ்ட். இதுக்கு வேற கார்டு, 5 யூரோ, அதுல ஒட்ட சின்ன ஃபோட்டோ வேணும், விசாவுக்கு எடுத்ததுல மிச்சம் ரெண்டு கொண்டு போய் வெட்டி ஒட்டிக்கிட்டோம்.

இப்ப அம்மா மாதிரி முட்டி வலி இருக்கறவங்களுக்கு முக்கியமான விஷயம். பாரிஸ் மெட்ரோ ரொம்ப பழசு, பெரும்பாலான ஸ்டேஷன்ல லிஃப்ட் இல்ல, ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறவே படி ஏறி இறங்கி உயிர் போயிரும். 14ம் நம்பர் லைன்ல மட்டும் எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் உண்டு. முதல் நாள் அம்மாவ மெட்ரோல கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கால் வீங்கிருச்சு, எனக்கு மனசே கேக்கல. ரெண்டாம் நாள்ல இருந்து பஸ்தான். தாழ்வான படி, உக்கார சீட் குடுக்கறாங்க, ஊரும் ஜன்னல் வழியா தெரியுது. 2025ல தனி டிக்கெட் 2 யூரோ, 90 நிமிஷத்துக்குள்ள பஸ் மாறிக்கலாம், ஆனா பஸ் டிக்கெட்ட வச்சு மெட்ரோவுக்கு மாற முடியாது. ஏறும்போது ஒவ்வொரு தடவையும் கார்ட மெஷின்ல காட்டணும், பாஸ் இருந்தாலும்.

7. பார்க்கற இடம்: கிழமைய பாருங்க

லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு. ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் லீவு. இத பார்க்காம பிளான் போட்டா ஒரு நாள் அப்படியே போயிரும். லூவ்ர்ல 2026 ஜனவரில இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு டிக்கெட் 32 யூரோ, முன்னாடி 22தான். 18 வயசுக்குள்ள இலவசம். நேரம் குறிச்சு ஆன்லைன்ல எடுத்துருங்க.

ஈஃபிள் டவர் லிஃப்ட் டிக்கெட் ரெண்டு மாசம் முன்னாடி திறப்பாங்க, கோடைல சீக்கிரம் தீர்ந்துரும், அதிகாரபூர்வ சைட்லயே எடுங்க, அங்க யு.பி.ஐ.லயும் பே பண்ணலாம். மேல ஏற ஆசை இல்லன்னா எதிர்க்கரைல த்ரொகாதெரோ மேட்டுல நின்னா போதும், அம்மாவுக்கு அங்க இருந்து பார்த்ததுதான் பிடிச்சது. நோத்ர் தாம் தேவாலயம் தீ விபத்துக்கு அப்புறம் 2024 டிசம்பர்ல திரும்ப திறந்திருக்காங்க, உள்ள போக காசு இல்ல, இலவசமா முன்பதிவு பண்ணிக்கலாம், அதுக்குக் காசு கேக்கற சைட் எல்லாம் போலி.

லூர்து மாதா கோயிலுக்குப் போக நிறைய பேர் ஆசைப்படுவாங்க. மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல இருந்து டி.ஜி.வி அதிவேக ரயில்ல கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஒரே நாள்ல போய் வர நினைக்காதீங்க.

8. திருட்டு

பயமுறுத்தல, ஆனா நடக்குது. ஈஃபிள் டவர் அடியில, சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுல, கூட்டமா இருக்கற மெட்ரோல பர்ஸ் அடிப்பாங்க. கையெழுத்து போடச் சொல்லி பேப்பர நீட்டுறவங்க, கீழ கிடந்த மோதிரம் உங்களோடதான்னு கேக்கறவங்க, கையில கயிறு கட்ட வர்றவங்க, மூணு கப் வச்சு பந்து விளையாடுறவங்க, யாருகிட்டயும் நிக்காதீங்க. தங்கச் சங்கிலிய வெளிய தெரியற மாதிரி போடாதீங்க. சித்தி அம்மாகிட்ட கழட்டி வீட்ல வைக்கச் சொன்னாங்க, அம்மா கடைசில ஜாக்கெட்டுக்குள்ள மறைச்சுப் போட்டுக்கிட்டாங்க. பாஸ்போர்ட் வீட்ல, காப்பி கையில. அவசரத்துக்கு 112.

9. சாப்பாடு, தண்ணி, டாய்லெட்

கடைக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல "போன்ஜூர்" சொல்லுங்க. சொல்லாம நேரா கேள்வி கேட்டா அங்க அது மரியாதைக் குறைவு, அதுக்கு அப்புறம் அவங்க முகம் மாறிடும். ஹோட்டல்ல பாட்டில் தண்ணிக்குக் காசு, "கராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த் தண்ணிய ஜாடில இலவசமா குடுப்பாங்க, குடிக்கலாம். பில்லுலயே சர்வீஸ் சேர்ந்திருக்கும், டிப்ஸ் கட்டாயம் இல்ல. கார்டு மெஷின் ரூபாய்லயா யூரோலயான்னு கேட்டா எப்பவும் யூரோவ அமுக்குங்க, ரூபாய அமுக்குனா ரேட்ல இழப்பு.

சோறு வேணும்னு தோணுனா லாச்சப்பல்ங்கற ஏரியாவுக்குப் போங்க. கார் து நோர்ல இருந்து நடக்கற தூரம்தான். ஈழத்துக்காரங்க கடைங்க நிறைய, தோசை, கொத்துரொட்டி, கருவேப்பிலை, நம்ம மளிகை எல்லாம் கிடைக்கும். பக்கத்துலயே பஜோல் தெருவுல மாணிக்க விநாயகர் கோயில் இருக்கு. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பத்துல அங்க தேர் ஓடும், தெருவுல குவியல் குவியலா தேங்காய் உடைப்பாங்க. அம்மா அன்னைக்கு முழுக்க உக்காரவே இல்ல, முட்டி வலி எங்க போச்சுன்னு தெரியல. உங்க தேதிய அதுக்கு ஏத்த மாதிரி வைக்க முடிஞ்சா வைங்க.

மெட்ரோ ஸ்டேஷன்ல டாய்லெட் அனேகமா இருக்காது. தெருவுல சாம்பல் கலர்ல தானா திறக்கற டாய்லெட் இருக்கு, இலவசம், ஆனா ஒவ்வொருத்தர் போனதும் உள்ள தானே கழுவிக்கும், அது முடியற வரைக்கும் காத்திருங்க, கதவு மூடுறதுக்குள்ள அடுத்தவங்க நுழைஞ்சா நனைஞ்சுருவாங்க. மியூசியத்துல இருக்கும்போதே போயிட்டு வர்றது நல்லது.

10. திரும்பும்போது

ஒரே கடைல 100 யூரோவுக்கு மேல வாங்கியிருந்தா வரியில ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனா வாங்கும்போதே பாஸ்போர்ட்ட காட்டி "தேதாக்ஸ்" ஃபாரம் கேட்டு வாங்கணும், அப்புறமா கேட்டா இல்ல. ஏர்போர்ட்ல பெட்டிய போடுறதுக்கு முன்னாடி அதுக்குன்னு இருக்கற மெஷின்ல ஃபாரத்த ஸ்கேன் பண்ணணும், பொருள காட்டச் சொன்னா காட்டணும். கோடைல அங்க வரிசை நீளமா இருக்கும், நாங்க மூணரை மணி நேரம் முன்னாடி போனோம், சரியா இருந்தது. பாஸ்ல ஏர்போர்ட் அடக்கம்னு சொன்னேன்ல, நீங்க கிளம்புற நாள் திங்கள்கிழமையா இருந்தா முந்தின வாரப் பாஸ் ஞாயித்துக்கிழமை ராத்திரியோட முடிஞ்சிருக்கும், ஏர்போர்ட் டிக்கெட் தனியா எடுத்துக்குங்க.